வீடு பிரித்த கார்த்திகை

போன மாதம் நம் வகுப்புக்காரர்கள் பதினோரு பேர் கூடிச் சாப்பிட்டோமே, அந்த அடுக்குமாடி வீட்டில், சாப்பாடு முடிந்தும் நான் பால்கனியை விட்டு உள்ளே வரவே இல்லை. ஏன் அங்கேயே நிற்கிறாய் என்று கேட்டீர்கள். காற்று நன்றாக வருகிறது என்றேன். ரிட்டயர் ஆன பிறகும் நர்ஸம்மா நைட் டியூட்டி மாதிரி நின்றுகொண்டே இருக்கிறாள் என்று ஒருத்தி கேலி செய்தாள். அன்றைக்குக் காற்றே இல்லை. நான் சொன்னது பொய். கீழே கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் அறைக்கும் பிள்ளைகளின் சறுக்குமரத்துக்கும் நடுவில் எங்கேயோதான் எங்கள் குடிசை இருந்தது.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஒரு பால்ய நினைவு எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். நீங்களெல்லாம் எழுதிவிட்டீர்கள். சிட்லபாக்கம் ஏரியில் நீச்சல் பழகியது, தாம்பரத்தில் ரயில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு மட்டம் போட்டது, பக்கத்து வீட்டு மாமரத்தில் ஏறிக் கை முறிந்தது. எல்லாவற்றுக்கும் கைதட்டும் படம் போட்டேன். உன்னுடையது எங்கே என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பாதியில் விட்டுவிட்டு ரோஜாப்பூப் படம் போடாதீர்கள்.

நான் இருளர் வீட்டுப் பெண் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது உங்களுக்கும் வசதியாக இருந்தது, எனக்கும் வசதியாக இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னை எலி என்று கூப்பிட ஆரம்பித்தது யார் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரவாயில்லை. அவருக்கு இப்போது சர்க்கரை வியாதி. எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று என்னிடம்தான் கேட்கிறார்.

வண்டலூரிலிருந்து படப்பைக்குப் போகும் ரோட்டில் பாதி தூரம் வந்து, இடது பக்கம் வண்டிப்பாதையில் இறங்கினால் ஒரு சின்ன மலை. மலை என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை. பாறையும் காரைப் புதரும் களாச்செடியும் ஈச்சமும் மூடிய ஒரு மேடு. அதன் அடியில் ஏழு குடிசை. ஏழும் சொந்தக்காரர்கள்தான். நிலம் என்றால் உங்களுக்கு வரப்பு, வேலி, பத்திரம். எங்களுக்கு அப்படி ஒன்றும் இருந்ததில்லை. எந்தப் பாறை இடுக்கில் தேன் கட்டும், எந்தக் கொடியின் கீழே கிழங்கு இறங்கியிருக்கும், எந்தப் புற்றில் பாம்பு இருக்கிறது, எதில் இல்லை, இதெல்லாம் தெரிந்ததுதான் எங்கள் உரிமை. கிழங்கு தோண்டினால் அம்மா கொடியின் தலையை வெட்டித் திரும்பக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளிக் காலால் மிதிப்பாள். அடுத்த வருஷம் அங்கேயே வந்து தோண்டுவாள். அவளுக்கு முன்னால் அவளுடைய மாமியாரும் அங்கேயேதான் தோண்டியிருக்கிறாள்.

நான் எழுதப்போவது ஒரு மழைக்காலத்தைப் பற்றி. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும், நான்காம் வகுப்பு. தம்பிக்கு நாலு வயது. அவனிடம் ஒரு டப்பா மூடி உண்டு. ஓட்டை போட்டுக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, "படப்ப, படப்ப, படப்ப" என்று கண்டக்டர் மாதிரி கூவிக்கொண்டே ஏழு குடிசையையும் சுற்றுவான். அந்த பஸ்ஸில் ஏறும் ஒரே ஆள் நான்தான். ஏறினால் இறங்கவிட மாட்டான்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை விட்ட அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஈசல் புறப்பட்டது. புற்றுக்குப் பக்கத்தில் அப்பா முந்தின நாளே குழி வெட்டி வைத்திருந்தார். குழிக்கு மேல் ஓலையை வளைத்துப் போட்டு, ஓரமாக ஒரு விளக்கை வைத்தார். ஈசல் வெளிச்சத்தைப் பார்த்து வந்து குழியில் விழும். விழுகிற சத்தம் கேட்கும், தூறல் ஓலையில் விழுவது போல. அள்ளிச் சட்டியில் போட்டு வறுத்து, இறக்கையைப் புடைத்து, புழுங்கலரிசியும் உப்பும் சேர்த்து அம்மா கொடுப்பாள். வறுக்கும்போது நெய் வாசம் வரும். தம்பி வறுக்கும்வரை பொறுக்க மாட்டான். உயிரோடு எடுத்து வாயில் போட்டு, உதட்டில் இறக்கை ஒட்டியபடி சிரிப்பான். இதை என் மகளிடம் ஒருமுறை சொன்னேன், கொஞ்சம் உவ்வே என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுக்கு நான் பிஸ்கட் கொடுத்துத்தானே வளர்த்தேன்.

கார்த்திகை பிறந்ததும் வயல்காரர்கள் அப்பாவைத் தேடி வருவார்கள். சம்பாப் பயிரில் எலி விழுந்திருக்கும். அப்பாவிடம் ஒரு மண்சட்டி இருந்தது, அடியில் ஓட்டை போட்டது. உள்ளே வைக்கோலும் வறட்டியும் திணித்து நெருப்பு வைத்து, சட்டி வாயை வளையின் வாயில் அழுத்தி, ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார். புகை உள்ளே போனால் எலி வேறு வழியாக வெளியே வரும். ஊதி ஊதி அவர் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். குடிகாரன் என்று ஊரில் சிலர் நினைத்தார்கள். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. வளையைத் தோண்டினால் எலி சேர்த்து வைத்த நெல் கிடைக்கும், அது எங்களுக்கு. அந்த வருஷம் மணியக்காரர் வயலில்தான் முதலில் புகை போட்டார்.

மணியக்காரர் என்றால் அப்போது கிராமத்துக்குப் பொறுப்பான அதிகாரி என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவர் நம்மில் ஒருத்தியின் அப்பா. போன மாதம் நமக்குச் சோறு போட்டவள்தான் அவள். அப்பா நிலத்தில் கட்டிய கட்டடத்தில் தனக்கு நான்காவது மாடி வந்தது என்று அன்று அவள் சொன்னாள். தோழியே, உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்கு இது எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதாமல் இருந்தால் இன்னொரு முறை உன் வீட்டுக்கு என்னால் வர முடியாது.

அதற்கு ஓரிரண்டு வருஷம் முன்புவரை பாம்புத் தோல் வாங்க ஒரு வியாபாரி வருவார். பிறகு வரவில்லை. சட்டம் வந்துவிட்டது என்றார்கள். பாம்பு பிடிக்கக் கூடாது, உடும்பு பிடிக்கக் கூடாது, மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் கிழங்குகூடத் தோண்டக் கூடாது. காட்டுக் காவலர் ஒருநாள் அப்பாவின் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு போனார். கடப்பாரை இல்லாமல் எங்கள் ஆட்களால் ஒரு வேலையும் செய்ய முடியாது. அப்பாவுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. காட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் எங்களையே கேட்டிருக்கலாமே என்று பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேட்டை போனபின் மிச்சம் இருந்தது நாங்கள் குடியிருந்த இடம் மட்டும்தான்.

அந்த இடத்துக்காகத்தான் நம் டீச்சர் மனு எழுதினார். நாலாம் வகுப்பு டீச்சர், ஒல்லியாக, எப்போதும் குடையோடு வருவாரே, அவர்தான். நிலமில்லாதவர்கள் எங்கே குடியிருக்கிறார்களோ அந்த இடத்தையே பட்டா போட்டுக் கொடுப்பதாக உத்தரவு வந்திருக்கிறது என்று வந்து சொன்னார். மனுவுக்குப் பதிலும் வந்தது. கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். குடிசை இருக்க வேண்டும், குடிசை வாசலில் ஆள் இருக்க வேண்டும். இருந்தால் ஏழு வீட்டுக்கும் இடம் உறுதி. டீச்சர் இதை நாலு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. குடிசையைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு மண் அணைத்தார். அம்மா கூரைக்குப் புது ஓலை போட்டாள். தம்பி புது வாசலை பஸ் ஸ்டாண்டாக ஆக்கிக்கொண்டான்.

அந்த வியாழனுக்கு முந்தின வாரக் கடைசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வீங்கி, குரல் போய், மூச்சு விடும்போது கொக்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம். பெரியப்பா ஏதேதோ வேர் அரைத்துப் போட்டார். பாம்புக் கடிக்கு அவர் மருந்து கேட்டுச் சுற்று வட்டாரமே வரும், அதனால் அவர் கைமேல் எல்லோருக்கும் நம்பிக்கை. தாம்பரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று அம்மா சொன்னாள். வியாழக்கிழமை முடியட்டும், அதற்குள் ஆபீசர் வந்துவிட்டால் நம் வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள் என்றார் அப்பா. அந்தத் தொண்டை வீக்கம் என்ன என்று நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் எனக்குப் பாடமாக வந்தது. வகுப்பை விட்டு எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன். ஊசி இருக்கிற வியாதி அது.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் தம்பி அம்மா மடியில் இறந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

எல்லா இருளர் வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களிடம் உண்டு. வீட்டுக்குள் உயிர் போனால் அந்த வீட்டைப் பொழுது சாய்வதற்குள் பிரித்துவிட வேண்டும். அந்த ஒரு வீடு மட்டும் இல்லை, கூட இருக்கிற எல்லோரும் பிரித்துக்கொண்டு, பழைய இடம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். ஒரு பௌர்ணமி கழிந்த பிறகு திரும்பி வரலாம். அதுவரை யாரும் அங்கே போகக் கூடாது. தப்பித் தவறிப் போனால், யார் என்ன கேட்டாலும், இங்கே யாரும் இல்லை, யாரும் இருந்ததும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். செத்தவர் வேறு குரலில் வந்து கேட்பாராம். இருக்கிறோம் என்று சொல்லிவிட்டால் பின்னாலேயே வந்துவிடுவார். சின்னப் பிள்ளை என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அது அம்மாவைத் தேடும்.

மத்தியானம் தம்பியைப் புதைத்துவிட்டு வந்தபோது டீச்சர் குடையோடு நின்றிருந்தார். விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு பெரியப்பா மூங்கிலை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"இன்னும் மூணே நாள் இருங்க. வியாழக்கிழமை அவர் வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் நீங்க எங்க வேணா போங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மூணு நாளு புள்ள எங்க நிப்பான் டீச்சரம்மா?" என்றார் பெரியப்பா. "வூட்டு வாசல்லதான் நிப்பான். உள்ள அவன் அம்மா கீறா. அவ எப்டி சும்மா இருப்பா?"

டீச்சர் திரும்பினார். அப்பாவைப் பார்த்தார். அப்பா ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து, தான் அணைத்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருந்துவிடலாம் என்று சொல்லியிருந்தால் மற்றவர்களும் இருந்திருப்பார்களோ என்னவோ. அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து போய்க் கூரையிலிருந்து ஒரு புது ஓலையை உருவிக் கீழே போட்டாள். அடுத்து இன்னொன்று. ஏழு வீடும் பொழுது சாய்வதற்குள் தரையாகிவிட்டது. அடுப்புக் கற்களைக் குப்புறப் புரட்டிப் போட்டோம். அம்மா தம்பியின் டப்பா மூடியைக் கயிற்றோடு சேர்த்து அவன் பக்கத்திலேயே புதைத்திருந்தாள்.

அந்த அம்மாவை நாம் எல்லோரும் என்ன சொல்லியிருப்போம்? படிக்காதவள், மூடநம்பிக்கை என்றுதானே. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் அப்படி நினைப்பதை நிறுத்தினேன்.

மலைக்கு அந்தப் பக்கம் காட்டை ஒட்டி ஓலையைச் சாய்த்து ஒண்டிக்கொண்டோம். அம்மா சாப்பிடவில்லை. அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். பழைய இடத்துக்குப் போகக் கூடாது, அங்கே நின்று நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லவும் கூடாது. ஆனால் ரோட்டில் நின்று சொன்னால் குற்றமில்லை. அதனால் வியாழக்கிழமை காலையிலேயே ஜீப் வரும் என்று நினைத்த வண்டலூர்ப் பக்கம் போய் ரோட்டில் நிற்பது, ஆபீசர் ஜீப்பை நிறுத்திக் கும்பிட்டு, சாவு விழுந்ததால் தள்ளிப் போயிருக்கிறோம், பௌர்ணமி கழிந்து வந்துவிடுவோம் என்று சொல்வது. சொல்ல வேண்டியதை எங்களிடமே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். டீச்சரையும் கூட வரச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பள்ளிக்கூட நேரத்தில் அவரைக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டார்.

ஆபீசர் படப்பைப் பக்கமிருந்து வந்தார்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அங்கே இருந்தேன். போகக் கூடாது என்று தெரிந்துதான் போனேன். என் தமிழ்ப் புத்தகம் கூரைச் செருகலில் இருந்தது, பிரித்தபோது எங்கேயோ விழுந்துவிட்டது. புத்தகத்துக்குத்தான் போனேன் என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் இருக்கிறானா என்று பார்க்கவும்தான் போனேன். நனைந்த ஓலைக் குவியலுக்கு அடியில் புத்தகம் ஊறிப்போய்க் கிடந்தது. அதை எடுத்து நிமிர்ந்தபோது ஜீப் நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். பேன்ட் சட்டையில் ஆபீசர், அளவுச் சங்கிலி தூக்கிக்கொண்டு ஒரு சர்வேயர், கூட மணியக்காரர்.

ஆபீசர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். சேற்றில் செருப்பு புதையப் புதைய என் பக்கத்தில் வந்து, குனிந்து கேட்டார். "பாப்பா, இங்க யாராவது குடியிருக்காங்களா?"

எனக்கு அவர் யாரென்று தெரியாமல் இல்லை. ஜீப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எதற்கு வந்திருக்கிறார் என்பதும் தெரியும், வீட்டில் பத்து நாளாக வேறு பேச்சே இல்லையே. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த இடத்தில் தம்பியும் இருந்தான். நீங்கள் நம்ப வேண்டாம். எனக்கு அவன் இருந்தான். ஆமாம் என்றால் அவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மலையைச் சுற்றி வந்து அம்மாவிடம் நிற்பான். அம்மா ஏற்கெனவே மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

"இங்க யாரும் இல்ல" என்றேன். "யாரும் இருந்ததும் இல்ல."

ஆபீசர் கீழே கிடந்த ஓலையையும் மூங்கில் குழிகளையும் பார்த்தார். சந்தேகமாக மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரருக்கு நான் யார் என்று தெரியும். பத்து நாளுக்கு முன்னால் என் அப்பா அவர் வயலில் புகை போட்டபோது வரப்பில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் நான். அவர் என் தலையில் கை வைத்தார். கனமான, சூடான கை.

"கொயந்தயே சொல்லுது பாருங்க சார். இதுங்க ஒரு எடத்துல நிக்கிற ஜனங்க இல்ல. இன்னிக்கி இங்க, நாளைக்கி எங்கயோ."

ஆபீசர் எழுதிக்கொண்டார். சர்வேயர் சங்கிலியை இழுத்தார். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் விதிதான்.

அப்பா பொழுது சாயும்வரை வண்டலூர் ரோட்டில் நின்றுவிட்டு வந்தார். ஜீப் வரவில்லை, நாளைக்கு வருவார்கள் என்றார். மறுநாளும் போய் நின்றார். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்து டீச்சர் வந்தார், குடையை விரிக்காமல், நனைந்துகொண்டே. தரிசு, குடியிருப்பு இல்லை என்று எழுதியாகிவிட்டதாம். அங்கே நின்றிருந்த ஒரு பெண் பிள்ளையே யாரும் இல்லை என்று சொன்னதாம். ஏழு வீட்டிலும் சேர்த்துப் பெண் பிள்ளைகள் மூன்று பேர். அப்பா மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தார். என்மேல் பார்வை நின்றதா, எல்லோர் மேலும் நின்ற அளவுக்குத்தான் நின்றதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. யாரு சொன்னது என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

பௌர்ணமி கழிந்து போனபோது சுற்றிலும் கல் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. உள்ளே மணியக்காரர் வைத்த ஒரு காவல்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். யார் நீங்கள் என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்த்துக் காவல்காரர் தடியை எடுத்தார். மலைக்கு அந்தப் பக்கம் காட்டு இலாகாவும் இருக்க விடவில்லை. ஏழு வீடும் ஏழு திசையாகப் போயிற்று. பெரியப்பா கடலோரமாகத் தெற்கே போனார், நாங்கள் படப்பைக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு. மாசி மகத்தன்று கன்னியம்மாவைக் கும்பிடக் கடற்கரைக்குப் போகிறபோது மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அதுவும் வருஷம் விட்டு வருஷம் ஆயிற்று. பெரியப்பாவின் வேர் மருந்து அவரோடு போய்விட்டது. கொடியின் தலையைக் குழியில் வைத்து மூட எங்களுக்கு ஒரு குழி இல்லை. டீச்சர்தான் என்னை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். இல்லாவிட்டால் நானும் இன்று செங்கல் சுமந்துகொண்டிருப்பேன், உங்கள் குழுவில் இருந்திருக்க மாட்டேன்.

சமீபத்தில் நம்மில் ஒருவர் தன் பேரனின் பள்ளி மாறுவேடப் போட்டிப் படத்தைப் போட்டிருந்தார். முகத்தில் கரி, தலையில் கோழி இறகு, இடுப்பில் இலை, கையில் ஈட்டி. ஆதிவாசியாம். முதல் பரிசாம். நானும் இதயப் படம் போட்டேன். குழந்தை அழகாகத்தான் இருந்தான்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பாவின் முடிவைச் சொல்லாவிட்டால் நான் எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

அவர் எழுபதைத் தாண்டிய பிறகு, படப்பைக்கு அப்பால் அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஓர் அறை வீடு அவருக்குக் கிடைத்தது. பட்டாவோடு. சூளைக்குப் போன பிறகு பிறந்த என் தங்கை, புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளோடு அவருடன் இருந்தாள். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அத்தனை வருஷப் புகை உள்ளே இருந்தது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். சிட்லபாக்கத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். அதுவும் வூடு தானே என்றார். எனக்குப் புரியவில்லை. அவருடைய வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றார்.

"கட்டில வெளிய போடு. உள்ள செத்தா வூட்ட பிரிக்கணும். இத வுட்டுட்டு உன் தங்கச்சி ரெண்டு புள்ளைங்கள இட்டுகினு எங்க போவா? வெளிய செத்தா வூட்டுக்கு ஒண்ணும் இல்ல."

எவ்வளவோ சொன்னோம். இது சிமென்ட் வீடு, பிரிக்க முடியாது என்றாள் தங்கை. அதான் சொல்றேன் என்றார். தெருவுக்கும் சுவருக்கும் நடுவில், சாக்கடையை ஒட்டிக் கட்டிலைப் போட்டோம். மேலே நீலத் தார்ப்பாய் கட்டினோம். ஐந்து நாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளாம், பெற்ற அப்பனைத் தெருவில் போட்டிருக்கிறாள் பார் என்று ஒரு அம்மாள் என் காதில் விழும்படியே சொன்னார். என்ன சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

நான்காம் நாள் அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. தார்ப்பாயில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டே பேசினார். அந்தக் கார்த்திகையைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அன்றுதான்.

"உன் தம்பியயும் மூச்சு போறதுக்கு மின்னாடி வெளிய தூக்கிகினு வந்து படுக்க வெச்சிருக்கணும். எனக்குத் தோணாம இல்ல. மழ பேஞ்சிகினு இருந்திச்சி. நனைவானேன்னு உள்ளயே வெச்சிகினேன். என்னாலதான் போச்சி, ஏழு வூடும்."

உங்களால் இல்லை அப்பா, நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் போயிற்று என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எத்தனையோ பேர் சாகும்போது பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுங்கள் என்று அவர்கள் வீட்டு ஆட்களிடம் சொன்னவள் நான். எழுந்து போய்த் தார்ப்பாயின் அவிழ்ந்த ஓரத்தை இழுத்துக் கட்டினேன்.

மறுநாள் மத்தியானம் தூறலில் அவர் போனார். அடக்கம் செய்துவிட்டு வந்து கட்டிலை மடக்கினோம், தார்ப்பாயை அவிழ்த்தோம். தங்கை உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்தாள்.